டர்பைன் எக்ஸாஸ்ட் ஸ்டீம்: ஆவியா, தண்ணியா, எந்தக் கணக்கை நம்புறது?

கோஜென் பிளான்ட்ல (ஸ்டீமையும் கரண்ட்டையும் சேத்தே தயாரிக்குற இடம்) சேர்ந்து ஆறு மாசம் ஆன ஒரு தம்பி ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி, "அண்ணே, எக்ஸாஸ்ட்ல பிரஷர் 0.1 பார் அப்சல்யூட், டெம்பரேச்சர் 46 டிகிரி, ரெண்டும் ஸ்க்ரீன்ல இருக்கு, ஸ்டீம் டேபிள்ல பாத்தா 2585 கிலோஜூல் வருது, அத வச்சு போட்டா டர்பைன் எஃபிஷியன்சி 67 தான் வருது, மெஷின் போயிருச்சா?"ன்னு கேட்டான். மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. அவன் டேபிள்ல எடுத்தது முழுசா காய்ஞ்ச ஸ்டீமோட என்தால்பி (ஒரு கிலோ ஸ்டீம் சுமக்குற சூடு), ஆனா எக்ஸாஸ்ட்ல, அதாவது டர்பைனை விட்டு வெளிய போற வழில, வந்துட்டு இருந்தது நூத்துல எட்டு பங்கு தண்ணி கலந்த ஸ்டீம்.

இந்தக் கேள்வி வருஷா வருஷம் வேற வேற ஆளுங்ககிட்ட இருந்து வருது. ஒருத்தர் கண்டென்சர் சைஸ் பண்ணணும்பார், ஒருத்தர் எனர்ஜி ஆடிட்டுக்கு வேணும்பார், காலேஜ் பசங்க ப்ராஜெக்ட்டுக்கு கேப்பாங்க. எல்லாரும் "எக்ஸாஸ்ட் என்தால்பியைக் கண்டுபிடிக்க எந்த மெத்தட் சரி?"ன்னுதான் கேக்குறாங்க, எதுக்கு வேணும்னு சொல்றதே இல்ல.

அடிப்படை சிக்கல் இதுதான். ஸ்டீம் ஈரமான நிலைக்கு வந்துட்டா பிரஷரும் டெம்பரேச்சரும் ஒண்ணுக்கொண்ணு கட்டிப்போட்ட மாதிரி ஆயிரும். 0.1 பார்ல 45.8 டிகிரி, அவ்ளோதான், அதுல 5 சதவீதம் தண்ணி இருந்தாலும் 15 சதவீதம் இருந்தாலும் தெர்மாமீட்டர் அதே 45.8ஐத்தான் காட்டும். ரெண்டு மீட்டர் இருக்குற மாதிரி தெரியுது, ஆனா உள்ள இருக்குறது ஒரே தகவல். மூணாவதா ஒண்ணு வேணும், அத எங்க இருந்து கொண்டு வர்றோம்ங்கறதுதான் ஒவ்வொரு மெத்தடுக்கும் வித்தியாசம்.

## முதல்ல எத வச்சு எடை போடுறது

நான் பாக்குறது நாலு விஷயம். எண் எதுக்கு வேணும். எக்ஸாஸ்ட் காய்ஞ்ச பக்கமா ஈரப் பக்கமா. பிளான்ட்ல எந்த மீட்டரை நெஞ்சுல கை வச்சு நம்பலாம். தப்பு வந்தா எந்தப் பக்கம் வந்தா பரவால்ல. கடைசிதான் எல்லாரும் மறக்குறது, அத அப்பறம் சொல்றேன்.

எல்லா வழியையும் ஒரே மெஷின்ல வச்சு பாத்தாத்தான் ஒப்பிட முடியும். இன்லெட் 60 பார் அப்சல்யூட், 500 டிகிரி, மணிக்கு 80 டன், எக்ஸாஸ்ட் 0.1 பார் அப்சல்யூட், நடுவுல எக்ஸ்ட்ராக்‌ஷன் (நடுவுலயே கொஞ்சம் ஸ்டீமை வெளிய எடுக்குறது) இல்லாத நேரா கண்டென்சிங் மெஷின் (வெளிய வர்ற ஸ்டீம் முழுசும் கண்டென்சர்ல தண்ணியாகுற வகை), ஜெனரேட்டர் டெர்மினல்ல 22 மெகாவாட். இன்லெட் என்தால்பி கிலோவுக்கு 3422 கிலோஜூல், என்ட்ராபி (லாஸ் இல்லாம விரிஞ்சா மாறாம இருக்குற அளவு) 6.88. எக்ஸாஸ்ட் பிரஷர்ல தண்ணியோட என்தால்பி 192, ஆவியாகுற சூடு 2393. லாஸே இல்லாம விரிஞ்சா டிரைனெஸ் (ஸ்டீம்ல காய்ஞ்ச பங்கு) 0.83, என்தால்பி 2180 பக்கம், அதாவது கிலோவுக்கு 1243 கிலோஜூல் வேலை கிடைக்கணும். இந்த 1243ஐ ஞாபகம் வச்சுக்கங்க, இதுல எத்தன பங்கு நிஜமா கிடைக்குதோ அதுதான் எஃபிஷியன்சி.

## அதுக்கும் முன்னாடி, வேக்கம் கேஜ்

எந்த வழியா இருந்தாலும் எக்ஸாஸ்ட் பிரஷர் அப்சல்யூட்ல, அதாவது முழு வெற்றிடத்துல இருந்து எண்ணுன அளவுல, வேணும். பழைய மில்லுங்கள்ல இன்னும் பாதரசக் கணக்குல மில்லிமீட்டர் வேக்கம்தான் எழுதுறாங்க. கடல் மட்டத்துல 760ல இருந்து கழிச்சா சரி, 685 வேக்கம்னா 75 மில்லிமீட்டர், அதாவது 0.1 பார். ஆனா கோயம்புத்தூர் மாதிரி 400 மீட்டர் உயரத்துல இருக்குற ஊர்ல பாரோமீட்டரே 724 பக்கம்தான் நிக்கும், அதே 0.1 பார் அங்க 649னு காட்டும், உடனே "வேக்கம் வரல, ஏர் லீக்"னு எஜெக்டரை (கண்டென்சர்ல இருந்து காத்தை உறிஞ்சுறது) பிடிச்சு ஆட்டிட்டு இருப்பாங்க. எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் இங்கதான் உபயோகம். ஈர ஸ்டீம்ல 45.8 டிகிரின்னா பிரஷர் 0.1 பார்தான், வேற வழியே இல்ல. கேஜும் தெர்மாமீட்டரும் ஒத்துப்போகலன்னா ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது, கணக்கை ஆரம்பிக்காதீங்க. இன்லெட் கேஜ்ல ஏடிஏவா (அப்சல்யூட்) ஏடிஜியா (காத்தழுத்தத்துக்கு மேல உள்ளது மட்டும்)ங்கறதையும் ஒரு தடவை பாத்துருங்க.

## வழி 1: பிரஷரும் டெம்பரேச்சரும் நேரா படிக்கிறது

எக்ஸாஸ்ட் சூப்பர்ஹீட்ல (கொதிநிலைக்கு மேல சூடான காய்ஞ்ச நிலை) இருந்தா இத விட நல்ல வழி கிடையாது. பேக் பிரஷர் மெஷின் (கண்டென்சர் இல்லாம எக்ஸாஸ்ட்டை பிராசஸுக்கே அனுப்புறது), எக்ஸ்ட்ராக்‌ஷன் லைன், இதெல்லாம் இந்த வகை. 3 பார் அப்சல்யூட், 165 டிகிரின்னா என்தால்பி 2790 பக்கம், ஒரு நிமிஷ வேலை. சாச்சுரேஷன் (அந்தப் பிரஷருக்கான கொதிநிலை) 133.5 டிகிரி, அதுக்கு மேல 30 டிகிரி இருக்கறதால நம்பிக்கையா எடுக்கலாம். வித்தியாசம் பத்து பதினஞ்சு டிகிரிக்கு கீழ போனா கொஞ்சம் யோசிக்கணும், ஏன்னா பெரிய பைப்புக்குள்ள சின்னச் சின்ன துளி ஆவியாகாமலே கூட ஓடும், தெர்மோகப்பிள் அதக் கண்டுக்காது.

மறைஞ்ச செலவு ஒண்ணுதான், தெர்மோகப்பிள் எங்க உக்காந்திருக்கு? பிராசஸுக்கு போற ஸ்டீமுக்கு டீசூப்பர்ஹீட்டர் வச்சு தண்ணி தெளிப்பாங்க, நிறைய இடத்துல ஸ்க்ரீன்ல தெரியுறது அந்தத் தெளிப்புக்கு அப்பறம் இருக்குற டெம்பரேச்சர். அத வச்சு டர்பைன் எஃபிஷியன்சி போட்டா மெஷின் சொர்க்கத்துல இருந்து வந்த மாதிரி இருக்கும்.

கண்டென்சிங் எக்ஸாஸ்ட்டுக்கு இந்த வழி சரிப்படாது.

## வழி 2: எஃபிஷியன்சியை அனுமானிச்சு இறங்குறது

மெஷினே இன்னும் வரல, டெண்டர் ஸ்டேஜ், அப்போ இதத் தவிர வேற இல்ல. மோலியர் சார்ட்ல (ஸ்டீமோட என்தால்பியையும் என்ட்ராபியையும் வரைஞ்ச படம்) இன்லெட் புள்ளில இருந்து நேரா கீழ கோடு போட்டு, அந்த 1243ஐ எஃபிஷியன்சியால பெருக்கி, வர்றத இன்லெட் என்தால்பில இருந்து கழிச்சுக்கறது. ரிச்சர்ட் மோலியர் 1904லயே குடுத்த படம், இன்னிக்கும் சுவத்துல மாட்டி வச்சிருக்குற பிளான்ட் இருக்கு. எக்ஸெல்ல ஐஏபிடபிள்யூஎஸ் 97ங்கற ஸ்டீம் டேபிள் ஃபார்முலா போட்டுக்கிட்டா தசம புள்ளி அதிகமா வரும், ஆனா அனுமானம் அனுமானம்தான், அது துல்லியமாயிராது.

நம்ம மெஷின்ல பாருங்க:

- 78 சதவீதம்னா என்தால்பி 2453, டிரைனெஸ் 0.945
- 82 சதவீதம்னா 2403, டிரைனெஸ் 0.924
- 86 சதவீதம்னா 2354, டிரைனெஸ் 0.903

எஃபிஷியன்சில நாலு பாயிண்ட் தப்புன்னா டிரைனெஸ்ல ரெண்டு சதவீதம் நகருது. இது பெருசா சின்னதான்னு கேட்டா எதுக்குன்னு திருப்பிக் கேக்கணும். கண்டென்சர் சைஸ் பண்றவருக்கு 78லயும் 86லயும் வர்ற டியூட்டி (கண்டென்சர் எடுக்க வேண்டிய சூடு) 50.2 மெகாவாட், 48.0 மெகாவாட், வித்தியாசம் அஞ்சு சதவீதத்துக்கும் கம்மி, ட்யூப் அழுக்குக்கு அவர் விடுற மார்ஜின்லயே அது கரைஞ்சுரும். அதனால கண்டென்சருக்கு குறைச்ச எஃபிஷியன்சியை எடுத்துக்கிட்டு நிம்மதியா தூங்கலாம். ஆனா கடைசி ஸ்டேஜ் பிளேடைப் பத்தி கவலைப்படுறவரு அதையே எடுத்தா மாட்டிக்குவாரு! நல்ல மெஷின்லதான் எக்ஸாஸ்ட் அதிக ஈரமா இருக்கும், 86ல தண்ணி கிட்டத்தட்ட 10 சதவீதம், பொதுவா 10, 12க்கு மேல போகக்கூடாதுன்னு வச்சுக்குற எல்லைக்குப் பக்கத்துல வந்துருது. துளிங்க பிளேடோட முன் விளிம்பைத் தின்னும், அதுக்குத்தான் அங்க ஸ்டெல்லைட்ங்கற கெட்டியான உலோகத்தை வைக்கிறாங்க. அதனால அரிப்பைப் பாக்கும்போது எஃபிஷியன்சியை கூட வச்சு பாக்கணும், கண்டென்சரைப் பாக்கும்போது குறைச்சு வச்சு பாக்கணும். தப்பு எந்தப் பக்கம் வந்தா பரவால்லன்னு மேல கேட்டேனே, அது இதுதான்.

இன்னொரு விஷயம், இன்லெட்ல இருந்து எக்ஸாஸ்ட் வரைக்கும் ஒரே எஃபிஷியன்சின்னு கோடு போடுறது கொஞ்சம் ஏமாத்து வேலை. ஈரப் பகுதிக்குள்ள போனதும் ஸ்டேஜ் எஃபிஷியன்சி விழும், ஒரு சதவீத ஈரத்துக்கு ஒரு சதவீதம் போகும்னு பௌமன் விதின்னு ஒண்ணு பழக்கத்துல இருக்கு. விதின்னு பேருதான், சராசரிக் கணக்கு.

## வழி 3: மேக்கர் குடுத்த ஹீட் பேலன்ஸ்

மெஷினோட வந்த ஃபைல்ல 100, 80, 60 சதவீத லோடுக்கு ஹீட் பேலன்ஸ் டயக்ராம் இருக்கும், எக்ஸாஸ்ட் என்தால்பி அதுலயே அச்சடிச்சிருக்கும். புது மெஷினுக்கும், டிசைன் கண்டிஷன் பக்கத்துலயே ஓடுற மெஷினுக்கும் இதையே எடுத்துக்கலாம், கூச்சப்பட ஒண்ணுமில்ல.

ஆனா எந்த எக்ஸாஸ்ட் என்தால்பின்னு பாக்கணும். எக்ஸ்பான்ஷன் லைன் எண்ட் பாயிண்ட்னு ஒண்ணு, யூஸ்டு எனர்ஜி எண்ட் பாயிண்ட்னு ஒண்ணு. முதலாவது பிளேடு வரைக்கும் உள்ள கணக்கு. ரெண்டாவதுல, கடைசி பிளேடைத் தாண்டி ஸ்டீம் ஓடுற வேகத்தால வீணாகுற எக்ஸாஸ்ட் லாஸும் சேந்திருக்கும், கண்டென்சருக்கு நிஜமா போறது இந்த ரெண்டாவதுதான். அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக்ல ஸ்பென்சர், காட்டன், கேனன் மூணு பேரும் 1963ல குடுத்த பெரிய டர்பைன் கணிப்பு முறைல இந்தப் பிரிப்பு தெளிவா இருக்கும்.

நம்ம மெஷின்ல இந்த லாஸ் எவ்ளோ இருக்கும்? 0.1 பார்ல ஈரத்தோட ஒரு கிலோ ஸ்டீம் 13.5 கன மீட்டர் இடம் அடைக்குது, செகண்டுக்கு 22.2 கிலோன்னா 300 கன மீட்டர். கடைசி பிளேடு வளையம் 2 சதுர மீட்டர்னு வச்சா வேகம் 150 மீட்டர், அதோட இயக்க சக்தி கிலோவுக்கு 11 கிலோஜூல். குளிர்காலத்துல வேக்கம் 0.07 பாருக்கு வந்துச்சுன்னா வேகம் 200ஐத் தாண்டி லாஸ் 21, 22க்கு ஏறிரும். வேக்கம் நல்லா வந்தும் மெகாவாட் எதிர்பாத்த அளவு ஏறலயேன்னு புலம்புறவங்களுக்கு பாதி பதில் இங்க இருக்கு.

மறைஞ்ச செலவு வயசு. பத்து சீசன் ஓடி, சீல் தேய்ஞ்சு, பிளேடுல சிலிக்கா படிஞ்ச மெஷினுக்கு அந்த டயக்ராம் கல்யாண போட்டோ மாதிரி, ஆளு அவருதான், ஆனா இப்போ அப்படி இல்ல.

## வழி 4: மெகாவாட்ல இருந்து பின்னோக்கி வர்றது

ஓடுற மெஷினுக்கு எனக்குப் பிடிச்சது இதுதான். உள்ள போன சூட்டுல இருந்து வெளிய வந்த கரண்ட்டையும் லாஸையும் கழிச்சா மீதிதான் எக்ஸாஸ்ட்ல இருக்கணும், வேற எங்க போகும்? பெரிய டர்பைனுக்கு ஏஎஸ்எம்இ பிடிசி 6ங்கற டெஸ்ட் விதிப்படி சோதிக்கும்போதும் ஈர எக்ஸாஸ்ட்டோட என்தால்பியை இப்படிச் சுத்திதான் பிடிக்கிறாங்க.

22 மெகாவாட்டை ஜெனரேட்டர் எஃபிஷியன்சி 97.5ஆல வகுத்து, கியர்பாக்ஸ், பேரிங்குக்கு 1.5 சதவீதம் விட்டா ஸ்டீம் குடுத்த வேலை 22.9 மெகாவாட். செகண்டுக்கு 22.2 கிலோவால வகுத்தா கிலோவுக்கு 1031. அப்போ எக்ஸாஸ்ட் என்தால்பி 2391, டிரைனெஸ் 0.919, எஃபிஷியன்சி 83. அந்தத் தம்பியோட 67 எங்க, இந்த 83 எங்க!

இதோட பலம் கரண்ட் மீட்டர், பிளான்ட்லயே நம்பகமான மீட்டர் அதுதான், ஏன்னா அதுல காசு இருக்கு. பலவீனம் ஸ்டீம் ஃப்ளோ. ஃப்ளோ 2 சதவீதம் தப்புன்னா வேலைல 20 கிலோஜூல், டிரைனெஸ்ல 0.9 சதவீதம் போகும். நேரா கண்டென்சிங் மெஷினுக்கு இது தாங்கக்கூடியது.

எக்ஸ்ட்ராக்‌ஷன் வந்துட்டா கதை மாறுது. அதே 80 டன்ல 60 டன் 3 பார்ல பிராசஸுக்குப் போகுது, 20 டன் மட்டும் கண்டென்சருக்கு. இன்லெட் மீட்டர் 2 சதவீதம் கூட காட்டுது, அதாவது 1.6 டன். 80க்கு அது சின்னது, ஆனா கழிச்சு வர்ற 20க்கு அது 8 சதவீதம். அதோட ஹெச்பி பக்கத்து (முன்னாடி உள்ள ஹை பிரஷர் பகுதி) வேலையும் கூடுதலா கணக்காகி, மீதி எல்பி பக்கம் (பின்னாடி உள்ள லோ பிரஷர் பகுதி) குறைஞ்சுரும். போட்டுப் பாத்தா எல்பில நிஜமா 400 கிலோஜூல் இறங்குன இடத்துல கணக்கு 324னு சொல்லுது, டிரைனெஸ்ல 3 சதவீதத்துக்கு மேல தப்பு. மேக்கர் கர்வை எடுத்திருந்தாலே இத விட நல்லா வந்திருக்கும்.

இதுக்கு ஒரு கைவைத்தியம் இருக்கு, எக்ஸாஸ்ட் ஃப்ளோவை கழிச்சு எடுக்காம கண்டென்சேட் பம்ப் லைன்ல தண்ணியாவே அளக்குறது. தண்ணியை அளக்குறது ஸ்டீமை அளக்குறத விட எப்பவும் சுலபம். ஹாட்வெல் (கண்டென்சர் அடில தண்ணி சேருற தொட்டி) லெவலை அரை மணி நேரம் ஆடாம நிறுத்தி, எஜெக்டர் டிரெயினும் மேக்கப்பும் அதுல கலக்குதான்னு பாத்து கழிச்சுக்கணும். கண்டென்சேட் சரியா இருந்து எக்ஸ்ட்ராக்‌ஷன் மீட்டர்ல மட்டும் 2 சதவீதம் தப்புன்னா எல்பி பக்கத்துத் தப்பு 76ல இருந்து 38 கிலோஜூலுக்கு வந்துருது, பாதி.

நான் இதுல அடிபட்டிருக்கேன். ஒரு மில்லுல எல்பி எஃபிஷியன்சி 95ஐத் தாண்டி வந்துச்சு, நானும் ஒரு நாள் பூரா ஓவர்ஹால் நல்லா பண்ணிருக்காங்கன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்பறம் பாத்தா எக்ஸ்ட்ராக்‌ஷன் ஆரிஃபிஸ் மீட்டருக்கு டென்சிட்டி காம்பன்சேஷனே (ஸ்டீமோட அடர்த்தி மாறுனா அதுக்கேத்த திருத்தம்) இல்ல. 3 பாருக்கு டிசைன் பண்ணது 2.5 பார்ல ஓடிட்டு இருக்கு, அதனால 9 சதவீதத்துக்கு மேல கூட காட்டுது. 60ன்னு எழுதி வச்ச ஃப்ளோ நிஜத்துல 55, கண்டென்சருக்கு 20 இல்ல, 25 டன் போயிட்டு இருந்துச்சு. எஃபிஷியன்சி நம்ப முடியாத அளவுக்கு நல்லா வந்தா மெஷினைப் பாராட்டாதீங்க, மீட்டரைப் பாருங்க.

## வழி 5: கூலிங் வாட்டர்ல இருந்து

கண்டென்சர்ல தண்ணி எடுத்துட்டுப் போன சூட்டை ஸ்டீம் ஃப்ளோவால வகுத்தா எக்ஸாஸ்ட் என்தால்பி வந்துரும். பேப்பர்ல அழகா இருக்கும். நம்ம மெஷினோட டியூட்டி 48.9 மெகாவாட், தண்ணி 8 டிகிரி சூடானா மணிக்கு 5260 கன மீட்டர் ஓடணும். அவ்ளோ பெரிய பைப்புல நிறைய இடத்துல ஃப்ளோ மீட்டரே கிடையாது, பம்ப் கர்வைப் பாத்து எழுதுறதுதான். அதுல 5 சதவீதம் தப்புன்னா என்தால்பில 110 கிலோஜூல். 8 டிகிரில 0.3 டிகிரி தப்புன்னா 82 கிலோஜூல். அவுட்லெட் பைப்புல மேல ஒரு டெம்பரேச்சர், கீழ ஒரு டெம்பரேச்சர்னு தண்ணி கலக்காம வேற ஓடும். டிரெயின் வால்வு, பைபாஸ் வால்வு ஏதாவது பாஸ் ஆகி (மூடியிருந்தும் ஒழுகி) கண்டென்சர்ல விழுந்தா அந்தச் சூடும் டர்பைன் தலைல விழும்.

அப்போ இது எதுக்கு? வழி 4 குடுத்த விடையைக் கேள்வி கேக்க. ரெண்டும் அஞ்சு சதவீதத்துக்குள்ள ஒத்துப்போனா சரி. கூலிங் வாட்டர் கணக்கு மட்டும் விடாம 10 சதவீதம் கூட வந்துச்சுன்னா எங்கயோ வால்வு லீக்கா இருக்கலாம், ராத்திரில டார்ச் அடிச்சு டிரெயின் லைனைத் தொட்டுப் பாக்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கு சந்தேகத்தைக் கிளப்பிரும்.

## சாம்பிள் எடுத்து அளக்க முடியாதா?

காலேஜ்ல த்ராட்லிங் கலோரிமீட்டர் படிச்சவங்க கட்டாயம் இதக் கேப்பாங்க. ஸ்டீமைக் குறைஞ்ச பிரஷருக்கு விட்டா என்தால்பி மாறாம காய்ஞ்சு சூப்பர்ஹீட் ஆகும், அத வச்சு டிரைனெஸ் கண்டுபிடிக்கலாம்ங்கறது தத்துவம். ஆனா நம்ம எக்ஸாஸ்ட் 2391. காய்ஞ்ச ஸ்டீமோட என்தால்பி எவ்ளோ பிரஷரைக் குறைச்சாலும் 2500க்குக் கீழ வராது. அதனால எந்த வேக்கத்துக்கு விட்டாலும் இந்த ஸ்டீம் காயவே காயாது. ட்ரேசர்ங்கற அடையாளப் பொருளைக் கலந்து ஈரத்தை அளக்குற முறை இருக்கு. கல்பாக்கம் மாதிரி அணு மின் நிலையத்துல ஹெச்பி டர்பைனே ஈர ஸ்டீம்லதான் ஓடுது, அந்த வகை மெஷினுக்கு அதுல அர்த்தம் இருக்கு. மில்லுக்கு அந்தச் செலவு கட்டாது.

## ஒரே பார்வைல

| வழி | என்ன வேணும் | டிரைனெஸ்ல வரக்கூடிய தப்பு | எங்க காலை வாரும் | எப்போ எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| நேரா பிரஷர், டெம்பரேச்சர் | ரெண்டு மீட்டர் | சூப்பர்ஹீட்ல பிரச்சனை இல்ல, ஈரத்துல செல்லாது | டீசூப்பர்ஹீட்டருக்கு அப்பறம் இருக்குற தெர்மோகப்பிள் | பேக் பிரஷர், எக்ஸ்ட்ராக்‌ஷன் |
| எஃபிஷியன்சி அனுமானம் | ஸ்டீம் டேபிள் | 4 பாயிண்டுக்கு 2 சதவீதம் | கண்டென்சருக்கும் பிளேடுக்கும் ஒரே எண்ணை எடுக்குறது | டெண்டர், டிசைன், ப்ராஜெக்ட் |
| மேக்கர் ஹீட் பேலன்ஸ் | பழைய ஃபைல் | புதுசுல கம்மி, வயசாக ஆக கூடும் | எக்ஸாஸ்ட் லாஸ் சேர்ந்ததா இல்லையா | புது மெஷின், கண்டென்சருக்கு ஃப்ளோ கம்மியான நேரம் |
| மெகாவாட்ல இருந்து | கரண்ட், ஸ்டீம் ஃப்ளோ | நேரா கண்டென்சிங்ல 1, எக்ஸ்ட்ராக்‌ஷன்ல 3 | ஃப்ளோ மீட்டர் காம்பன்சேஷன் | ஓடுற மெஷின், ஆடிட் |
| கூலிங் வாட்டர் | தண்ணி ஃப்ளோ, ரெண்டு டெம்பரேச்சர் | 3ல இருந்து 5 | பாஸ் ஆகுற வால்வு | இன்னொரு கணக்கைச் சோதிக்க |

என்கிட்ட விட்டா எக்ஸ்ட்ராக்‌ஷன் கம் கண்டென்சிங் மெஷினுக்கு ரெண்டா வெட்டிப் பாப்பேன். எக்ஸ்ட்ராக்‌ஷன் வரைக்கும் வழி 1, அது சூப்பர்ஹீட்ல இருக்கறதால ஹெச்பி எஃபிஷியன்சி சுத்தமா கிடைச்சுரும். எல்பி பக்கத்துக்கு கண்டென்சருக்கு ஃப்ளோ நிறைய இருக்குற நேரத்துல, அதாவது மில்லு நின்னு எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும் ஓட்டுற நாள்ல, வழி 4ஐ ஒரு தடவை ஒழுங்கா பண்ணி அந்த எல்பி எஃபிஷியன்சியை எழுதி வச்சுக்குவேன். கரும்பு கிரஷிங் நடக்குற நாள்ல ஃப்ளோ குறைஞ்சிருக்கும்போது புதுசா அளக்க மாட்டேன், எழுதி வச்சதுல மேக்கர் கர்வ் சொல்ற அளவு குறைச்சுக்கிட்டு வழி 2 மாதிரி இறங்கிருவேன்.

கண்டென்சருக்கு ஃப்ளோ ரொம்பவே குறைஞ்சு போன நேரத்துல இன்னொரு கூத்து நடக்கும். கடைசி ஸ்டேஜ் வேலை செய்யாம ஸ்டீமைக் கடைய ஆரம்பிக்கும், எக்ஸாஸ்ட் ஹூட் (டர்பைன் கடைசில உள்ள கூடு) டெம்பரேச்சர் 46ல இருந்து 70, 80னு ஏறும், பிரஷர் அதே 0.1தான். ஸ்டீம் சூப்பர்ஹீட்டுக்குப் போயிருச்சு, இப்போ வழி 1 செல்லும்னு தோணும். ஆனா அதே நேரத்துல ஹூட் ஸ்பிரே தானா திறந்து தண்ணி தெளிச்சுக்கிட்டு இருக்கும், தெர்மோகப்பிள் அந்தத் தெளிப்புல நனைஞ்சுதான் நிக்குது. ஸ்பிரே வால்வு மூடியிருக்கான்னு ஃபீல்டு ஆளை ஒரு தடவை அனுப்பிப் பாத்துட்டு, அப்பறம் அந்த எண்ணை எழுதுங்க.